பங்காரு கம்பி தேடிய விஜயதசமி

திருத்தணி பைபாஸ் சாலையில் இருக்கிற வங்கிக்குப் போய் வருகிறவர்களுக்கு மேனேஜர் பெயர் தெரியாமல் இருக்கலாம், பங்காருவைத் தெரியாமல் இருக்காது. கதவுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பங்காரு, அவர் முழங்கால் மேல் இரட்டைக் குழல் துப்பாக்கி. மீசை முழுக்க வெள்ளை, தலைமுடி முழுக்கக் கறுப்பு. தலைக்கு மை பூசுகிறார் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும், அது சுத்தப் பொய். அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து, பத்தொன்பது வயதில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வேலூருக்குப் பஸ் ஏறிப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வரிசையில் போய் நின்றார். பதினேழு வருஷம் பனியிலும் மணலிலும் போயிற்று. கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, அந்தப் பெண் நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் கடிதத்திலும் போனிலும்தான் பார்த்தார். திரும்பி வந்தபோது பெண் மோனிஷா பெரிய மனுஷி மாதிரி, "நைனா, நீங்க எத்தினி நாளு இருப்பீங்க?" என்று கேட்டாள். "இனிமே இங்கதான்" என்று சொன்னார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதற்காகவே சொந்தமாகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி, ஒரு செக்யூரிட்டி கம்பெனி மூலம் இந்த வங்கி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு வங்கிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மத்தியானம் கிரில் கதவைப் பூட்டியதும் வீட்டுக்குப் போய் மனைவி காஞ்சனா கையால் சுடச்சுடச் சாப்பிட்டு வருவார். அதற்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஒன்பது வருஷத்தில் அந்தத் துப்பாக்கி வங்கி வாசலில் ஒருமுறைகூட வெடித்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமைதோறும் தோட்டாக்களை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, குழலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுவார். பக்கத்து வீட்டுக் கமலா மதில்மேல் கையூன்றிக்கொண்டு கேட்பாள்.

"சுடாத துப்பாக்கிய இன்னாத்துக்குண்ணா இப்டித் தேய்ச்சிகினு கீறீங்க?"

"சும்மா கீற இரும்புதாம்மா சீக்கிரம் துரு புடிக்கும்."

"அப்ப எங்க வூட்டுக்காரருக்கும் கொஞ்சம் எண்ண போட்டு உடுங்க."

பட்டாளத்தில் அவருக்குக் கிடைத்த பழக்கம் அது. அங்கே ஹவில்தார் குழலை வெயிலுக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே ஒரு புள்ளி தெரிந்தால் போதும், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றிச் சுற்றித்தான் பங்காருவுக்குக் குழல்மேல் ஒரு பிரியமே வந்தது. சுத்தமான குழலுக்குள் பார்த்தால் வெளிச்சம் வளையம் வளையமாக நிற்கும். அதைப் பார்த்த கண்ணுக்கு வேறெதுவும் அழகாகத் தெரியாது என்பார்.

அப்பேர்ப்பட்டவர் துப்பாக்கியில் போன வருஷம் துரு கண்டுபிடித்துவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை வங்கியின் பாதுகாப்பு அதிகாரி அருள்முருகன் சென்னையிலிருந்து வந்து துப்பாக்கியைச் சோதிப்பார். அவரும் பட்டாளத்துக்காரர். வலது குழலைத் தூக்கிப் பார்த்தவர், "ஒரு சாண் உள்ள துரு இருக்கே, பங்காரு" என்று சொல்லிக் காகிதத்தில் எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாரமே கம்பெனி ஆள் போன் செய்தான். அடுத்த சோதனையிலும் இப்படி எழுதினால் இந்த இடம் இல்லை, சென்னையில் பணம் ஏற்றிப் போகிற வண்டிக்குத்தான் மாற்ற முடியும், தங்குவதும் அங்கேதான், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகலாம் என்றான்.

துருவுக்குக் காரணம் பங்காருவுக்குத் தெரியும். காரணம், துடைக்கிற கம்பி. முன்னே அவரிடம் ஒரு மரக்கோல் இருந்தது. ஐப்பசி மழையில் ஊறிப் பிளந்து போயிற்று. அப்போது மோனிஷா ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஆன்லைனில் ஒரு கம்பி வாங்கி அனுப்பினாள். வெல்வெட் பெட்டி, அதற்குள் மூன்று துண்டு அலுமினியக் கம்பி; ஒன்றோடொன்று திருகிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்ததுமே பங்காருவுக்கு மனசு இடித்தது. மூட்டு இருக்கிற கம்பி அழுத்தினால் நடுவில் நெளியும், நெளிந்த இடத்தில் மூட்டின் விளிம்பு குழலைச் சுரண்டும், சுரண்டிய கோட்டில் ஈரம் உட்காரும். எல்லாம் தெரிந்தவர்தான். பெண் ஆசையாக வாங்கித் தந்ததை எப்படி வேண்டாம் என்பது? மூன்று வருஷம் அதிலேயே துடைத்தார்.

துரு எழுதப்பட்ட பிறகும் அந்தக் கம்பியை விடவில்லை. துருவைத் தேய்த்து எடுத்தார், எண்ணெயைக் கூடுதலாகப் போட்டார், காஞ்சனாவிடம் மட்டும் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னார். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவள் ஏதோ முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குப் பங்காரு வீட்டில் இருந்ததில்லை, பாவம்.

இந்த வருஷம் சோதனை வெள்ளிக்கிழமை என்று தகவல் வந்தது. அதற்கு முந்தின புதன் ஆயுத பூஜை, வியாழன் விஜயதசமி, இரண்டு நாளும் வங்கி விடுமுறை. புதன்கிழமை காலையில் பங்காரு பூசணிக்காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். காஞ்சனா அதற்கு முன்பே மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தும் ஏறி இறங்கி, கோயில் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். தன் தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைத்தாள். துப்பாக்கிக்கும் வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

பிறகு, ஒன்பது வருஷம் அவர் செய்வதைப் பார்த்துப் பழகிய கையால் துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். மீதிச் சந்தனம் முழுவதையும் பன்னீரில் குழைத்து, இரண்டு குழலுக்குள்ளும் ஊற்றி, உள்ளே எல்லா இடத்திலும் படுகிற மாதிரி பக்குவமாக உருட்டினாள். திரும்ப மூடிப் பூஜையில் சாத்தி வைத்தாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது. பங்காரு தொடவில்லை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சந்தனம் நன்றாக இறுகியது.

வியாழன் விடிந்ததும் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டித் துப்பாக்கியை எடுத்தார். மடக்கினார். வானத்துக்கு நேரே பிடித்தார். வளையம் வளையமாக நிற்க வேண்டிய வெளிச்சம் இல்லை. மஞ்சளாக ஏதோ மங்கித் தெரிந்தது.

"காஞ்சனா, இதுக்குள்ள இன்னாது?"

"சந்தனம், பாவா."

"சந்தனமா?"

"துரு எங்க வந்துச்சி? உள்ள. வெளிய பொட்டு வெச்சா உள்ள எப்பிடிப் போவும்? அதான் உள்ளயே போட்டன். சாமி சந்தனம், இனிமே துரு கிட்டயே வராது."

பங்காருவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தார். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறி வந்த முகம். "சரி" என்று மட்டும் சொல்லி வெல்வெட் பெட்டியைத் திறந்தார்.

மூன்று துண்டையும் திருகினார், நுனியில் பித்தளைக் கம்பி பிரஷை மாட்டினார், வலது குழலில் விட்டுத் தள்ளினார். பாதி தூரம் போய் நின்றது. அழுத்தினார். கம்பி வில் மாதிரி வளைந்தது. இழுத்தால் வரவில்லை. திருகி இழுத்தார். கடக் என்று உள்ளே ஒரு சத்தம். கையோடு வந்தது இரண்டு துண்டு. மூன்றாவது துண்டும் பிரஷும் குழலுக்குள்ளேயே தங்கிவிட்டன.

காஞ்சனாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "என்னாலதான் மெட்ராஸ் போப்போறியா, பாவா?"

"யாரு போறாங்க? ஸ்கூட்டிய எடு."

துப்பாக்கியின் பின்கட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, குழலை மட்டும் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டார். காஞ்சனா ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து, அரக்கோணம் சாலையில் பச்சையப்பனின் கடைசல் பட்டறைக்குப் போனார்கள். நேரான, மூட்டு இல்லாத, வளையாத கம்பி ஒன்று அன்றைக்கே வேண்டும். திருத்தணியில் அது அவனிடம் மட்டும்தான் கிடைக்கும்.

பச்சையப்பன் மோட்டார் ஷாஃப்ட் கடைவான், காவடிக்குக் கொக்கி செய்வான், பக்தர்களுக்குப் பித்தளை வேல் செய்வான். அன்றைக்கு லேத் மெஷினுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றான். விவரத்தைக் கேட்டான். சிரித்தான். சிரித்து முடித்துத் தலையை ஆட்டினான்.

"இன்னிக்கி ஆவாது, மிலிட்டரி."

"ஏன்?"

"இன்னிக்கி மெஷின்ல ஒரே ஒரு வேலதான். வருஷத்து மொத வேல. சின்னதா ஒரு வேல் செஞ்சி, நானே மலை மேல எட்துகினு போயி குடுப்பன். அதோட பட்டறைய மூடிட்டு பள்ளிப்பட்டுல மாமியார் வூட்டுக்குப் போறன். பதினாலு வருஷமா இதான் பழக்கம். திங்கக்கெழம வா."

"திங்கக்கிழமை நான் இந்த ஊர்ல இருக்க மாட்டன், பச்சை."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? துப்பாக்கிக்கு மொத வேல செஞ்சா வருஷம் பூரா எவன் வேல குடுப்பான்?"

காஞ்சனா ஸ்கூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பச்சையப்பா, குழலுக்குள்ள இப்ப இன்னா கீது?"

"சந்தனம்னு நீதானக்கா சொன்ன."

"எங்கிருந்து வந்த சந்தனம்?"

"மலைலேர்ந்து."

"முருகன் சந்தனம் உள்ள மாட்டிகினு கீது. அத வெளிய எடுக்கறது சாமி வேலையா, துப்பாக்கி வேலையா?"

பச்சையப்பன் சாயாத வாழைக்கன்றை நிமிர்த்தி வைத்தான். பக்கத்து டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் எல்லாம் டம்ளரோடு இந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்தார்கள். "அக்கா கேக்கறதுல நாயம் கீதுப்பா" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜெயம்மாள்.

"சரி, அப்ப ஒண்ணு. வேலுக்குன்னு எட்துவெச்ச பித்தளக் கம்பி கீது. மூணே கால் அடி. அதுலதான் செய்வன். அப்பதான் சாமிக்கு எட்துவெச்சது சாமிக்கே போன மாதிரி."

பளபளவென்று ஒரு பித்தளைக் கம்பியை எடுத்து நீட்டினான். வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டிருப்பார்கள். பங்காரு கையில் வாங்கி, டீக்கடைக் கடப்பைக்கல் மேடையில் வைத்து உருட்டினார். குனிந்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். நேராகத்தான் உருண்டது. அடுத்து ஒரு நுனியைச் சுவரில் ஊன்றி, மறு நுனியை உள்ளங்கையால் பலமாகத் தள்ளினார். கம்பி வளைந்தது. கையை எடுத்தார். வளைந்தது வளைந்தபடியே நின்றது.

"இது ஆவாது" என்றார்.

"யோவ், குடுக்கறதே பெரிசு, இதுல ஆவாதாம்."

"உள்ள மாட்டிகினு கீறத தள்ளணும் பச்சை. தள்ளும்போது வளைஞ்சா குழல்ல இடிக்கும். ஒருவாட்டி வளைஞ்சி அப்டியே நின்னுட்ச்சின்னா அது கம்பி இல்ல, காவடி."

டீக்கடைப் பக்கம் சிரிப்பு எழுந்தது. பச்சையப்பன் வளைந்த கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். பதினாலு வருஷமாக இதில்தான் வேல் செய்கிறான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஜெயம்மாள் ஒரு டீயை அவன் கையில் கொடுத்தார்.

"அப்ப ஸ்டீலா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது. "ஸ்டீல் குழலக் கீறிடாதா?"

"கீறறது கம்பி இல்ல. கம்பில ஒட்டிகினு போற மண்ணு. அலுமினியம், பித்தளை எல்லாம் மெத்துனு கீறதுனால மண்ணு அதுல பதிஞ்சிடும், அப்பால ஒவ்வொரு தபாவும் அரம் மாரி அராவும். ஸ்டீல நல்லா வழவழன்னு தேய்ச்சிட்டா மண்ணு ஒட்டாது. வெளிய எடுக்கும்போதெல்லாம் துணியால ஒரு தொடை. அவ்ளோதான்."

"மொத்தம்?"

"சுண்டு விரல் மொத்தம். ஒல்லியா இருந்தா உள்ள ஆடும். நீளம் குழலவிட ஒரு சாண் ஜாஸ்தி. நடுவுல மூட்டே இருக்கக் கூடாது."

பச்சையப்பன் டீயை ஒரே மடக்கில் குடித்தான். உள்ளே போய்த் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகளில் நாலைந்தை உருவிக்கொண்டு வந்து கல்மேடையில் போட்டான். பங்காரு ஒவ்வொன்றாக உருட்டினார். இரண்டு கம்பிகள் தத்தித் தத்தி உருண்டன, ஒதுக்கினார். ஒன்றில் நடுவே விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிற ஒரு கீறல். அதையும் ஒதுக்கினார். நாலாவது கம்பி தண்ணீரில் போகிற மாதிரி சத்தமில்லாமல் போயிற்று. சுவரில் ஊன்றித் தள்ளினார். மெல்ல வளைந்தது. கையை எடுத்ததும் விசுக்கென்று நிமிர்ந்து நின்றது.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட என்ன இத்தினி நேரம் பாக்கல" என்றாள் காஞ்சனா.

"பாத்திருந்தா?" என்றான் பச்சையப்பன்.

"நேரா உருண்டிருக்க மாட்டன்."

லேத் சுற்ற ஆரம்பித்தது. பச்சையப்பன் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு, கம்பியைப் பிடித்து, நுனியைக் கடைந்து, பிரஷ் திருகுவதற்கு மரை போட்டான். விளிம்புகளை உருட்டினான். உப்புத்தாளில் தொடங்கிப் பாலிஷ் துணிவரைக்கும் போய்க் கம்பியைக் கண்ணாடியாக்கினான். கைப்பிடிக்குத் தேக்குத் துண்டு ஒன்று கிடைத்தது. அதைக் கம்பியில் இறுக்கப் போனபோது பங்காரு தடுத்தார்.

"கைப்பிடி தனியா சுத்தணும். கை திரும்பும்போது கம்பியும் திரும்புனா உள்ள பிரஷ் கயண்டுக்கும்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று முணுமுணுத்தபடி ஃபேன் மோட்டாரில் போடுகிற சின்ன பேரிங் இரண்டைத் தேடி எடுத்துக் கைப்பிடிக்குள் வைத்தான். கைப்பிடியைத் திருகினால் கம்பி அசையாமல் நின்றது. தட்டிவிட்டால் கம்பி மட்டும் சுற்றியது. பச்சையப்பனுக்கே அது பிடித்துப் போயிற்று. நாலு முறை தட்டிவிட்டுப் பார்த்தான்.

கம்பி தயார். ஆனால் உள்ளே இருப்பது கல்லாக இருந்தது. பங்காரு எண்ணெய் ஊற்றலாமா என்று யோசித்தார். "சந்தனம் தண்ணில கொயச்சது, தண்ணிலதான் கரையும்" என்றாள் காஞ்சனா. இரும்பில் தண்ணீர் ஊற்றுவதா என்று அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவள் சொன்னது சரி. ஜெயம்மாள் டீ பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்துக் கொடுத்தார். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, அடியைத் துணியால் அடைத்து, நிரம்ப ஊற்றிக் காத்திருந்தார்கள். அடைப்பை எடுத்ததும் மஞ்சள் தண்ணீர் வழிந்தது. பட்டறை, டீக்கடை, சாலை வரைக்கும் கோயில் வாசனை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று முறை ஊற்றிய பிறகு பங்காரு வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டார். உடைந்த துண்டில் போய்த் தொட்டது. மெல்லத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். கம்பி வளையவில்லை. இன்னும் கொஞ்சம்.

அடியில் கையேந்தி நின்ற காஞ்சனாவின் உள்ளங்கையில் அலுமினியத் துண்டும் பிரஷும் பொத்தென்று விழுந்தன.

அப்புறம் காஞ்சனா தைத்து மிஞ்சிய வெள்ளைப் பருத்தித் துண்டுகள், ஸ்கூட்டியில் கொண்டுவந்த ஒரு பை நிறைய, ஒவ்வொன்றாக உள்ளே போய் வந்தன. மஞ்சளாக வந்தது, வெளிர் மஞ்சளாக வந்தது, கடைசியில் போன வெள்ளை வெள்ளையாகவே வந்தது. குழலை வெயிலில் சுடவைத்து ஈரத்தைப் போக்கி, மெல்ல எண்ணெய் தடவினார். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பச்சையப்பன் கையில் கொடுத்தார். அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"யப்பா" என்றான். "உள்ள இத்தினி வெளிச்சமா?"

கூலி எவ்வளவு என்று பங்காரு கேட்டதற்குப் பச்சையப்பன் கையெடுத்து மறுத்தான். முதல் வேலைக்குக் கூலி வாங்குவதில்லையாம். வாழைக்கன்றை அவிழ்த்தபடி, "இந்த வருஷம் வேல் இல்ல. உன் சந்தனத்தக் காப்பாத்திக் குடுத்தன்னு மேல போயி சொல்லிக்கிறன், ஏத்துப்பாரு" என்றான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு அருள்முருகன் வந்தார். மேனேஜர் சுஜாதா தன் அறையிலிருந்தே எட்டிப் பார்த்தார், அவருக்கும் படபடப்பு. அதிகாரி குழலைக் கழற்றச் சொல்லி வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். இடது குழல். தலையசைத்தார். வலது குழல். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுமுனையிலிருந்து பார்த்தார். பங்காரு விறைப்பாக நின்றார், பத்தொன்பது வயதுப் பையன் மாதிரி.

"பழைய கோடு லேசா தெரியுது."

"ஆமா சார். கோடு போவாது."

"துரு இல்ல."

"இல்லைங்க சார்."

"எதுல சுத்தம் பண்றீங்க?"

பங்காரு கம்பியைக் கொண்டுவந்து நீட்டினார். அதிகாரி கைப்பிடியைத் தட்டிவிட்டார், கம்பி சுற்றியது. மேஜை விளிம்பில் ஊன்றி அழுத்தினார், நிமிர்ந்தது. தன் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து நுனியில் செருகிக் குழலுக்குள் தானே ஒருமுறை விட்டு எடுத்தார். துணியை வெளிச்சத்தில் பார்த்தார். காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுஜாதா வந்து எட்டிப் படித்து, பங்காருவைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார்.

"எங்க வாங்கினது? நம்ம ஆளுங்க எல்லாரும் துண்டு துண்டா மாட்டுற கம்பியத்தான் வெச்சிருக்காங்க."

"இங்கதான் சார், அரக்கோணம் ரோட்ல. திங்கக்கிழமை பட்டறை தொறப்பான்."

மத்தியானம் கிரில் கதவைப் பூட்டியதும் பங்காரு இரண்டாவது தெருவுக்கு நடந்தார். காஞ்சனா வாசலில் நின்றிருந்தாள். பத்து மணியிலிருந்து நின்றிருப்பாள் போலிருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, உட்கார்ந்து, "போடு" என்றார்.

"இன்னா சொன்னாங்க?"

"சோறு போடு. இந்த ஊர்லதான் சாப்பிடணுமாம்."

அவள் கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டுவிட்டு மோனிஷாவுக்குப் போன் செய்யப் போனாள். பங்காரு தானே எழுந்து, தானே போட்டுக்கொண்டு, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.